இலங்கையின் நெடுந்தொலைவு நடைவழிகள்

நெடுந்தொலைவு நடைவழி என்பது பல நாட்கள் தொடர்ந்து நடந்து கடப்பதற்கென வகுக்கப்பட்ட, அல்லது நீண்டகால வழக்கத்தால் நிலைபெற்ற பாதையைக் குறிக்கும். ஒரு நாளில் முடியும் மலையேற்றத்திலிருந்து இது வேறுபட்டது. நடப்பவர் இரவில் வீடு திரும்புவதில்லை. ஆகவே பாதையை வகுப்பவர் வழியை மட்டுமன்றி நீர், உணவு, இரவுத் தங்கல், மருத்துவம் ஆகியவற்றையும் சேர்த்தே திட்டமிட வேண்டியுள்ளது.

இலங்கைத் தீவில் இவ்வகைப் பாதைகளுள் மூன்று தமிழர் வரலாற்றோடு நெருங்கிய தொடர்புடையவை. யாழ்ப்பாணத்திலிருந்து கிழக்குக் கரை வழியாகக் கதிர்காமம் செல்லும் பாதயாத்திரை வழி முதலாவது. தென்னிந்தியத் தொழிலாளர்கள் 19ஆம் நூற்றாண்டில் மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த வடபாதை இரண்டாவது. மலையகத் தேயிலைத் தோட்டங்களை இணைத்து அண்மையில் வகுக்கப்பட்ட பீக்கோ தடம் மூன்றாவது. முதலாவதை அடியார்களின் வழக்கமும், இரண்டாவதைத் தோட்டங்களின் ஆள்தேவையும், மூன்றாவதைச் சுற்றுலாத் திட்டமும் உருவாக்கின.

நாள் நடை

எந்த நெடும்பாதைக்கும் அடிப்படை அலகு மொத்தத் தொலைவு அன்று. ஒரு நாளில் நடக்கக்கூடிய தொலைவே ஆகும். பழந்தமிழ் வழக்கில் தொலைவு நேரத்தால் அளக்கப்பட்டது. ஒரு நாழிகை நேரத்தில் (24 நிமிடம்) நடக்கும் தொலைவு நாழிகை வழி எனப்பட்டது. ஏழு நாழிகை வழி ஒரு காதம். காதத்தின் அளவு இடத்திற்கு இடம் மாறினாலும், சுமார் 10 மைல், அதாவது 16 கி.மீ. எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. சுமையுடன் செல்பவருக்கு இது ஏறத்தாழ ஒரு நாள் நடை.

மலைப்பகுதியில் தொலைவு மட்டும் போதாது. இசுக்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் நேய்சுமித் 1892இல் கூறிய விதி இன்றும் பயன்படுத்தப்படுகிறது. சமதரையில் 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், ஏறவேண்டிய ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்திற்கும் கூடுதலாக ஒரு மணி நேரம் என்பது அவ்விதி. எடுத்துக்காட்டாக, 800 மீட்டர் ஏற்றமுள்ள 16 கி.மீ. பாதைக்கு 3 மணி 12 நிமிடமும், ஏற்றத்திற்காக 1 மணி 20 நிமிடமும் சேர்ந்து சுமார் நான்கரை மணி நேரமாகும். இது குளிர்நாட்டில், உடல்திடமுள்ளவர் இடையில் நில்லாமல் நடப்பதற்கான கணக்கு. வெயில், ஓய்வு, முதியோர், குழந்தைகள் ஆகியவற்றைக் கருதினால் வெப்பநாட்டில் இதனை அப்படியே கொள்ள இயலாது.

நாள் நடையின் முடிவில் நீரும் கூரையும் இருக்க வேண்டும். பழைய வழிகளில் இதற்கான ஏற்பாடுகளை ஊர்மக்களும் அறம் செய்வோரும் செய்தனர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய தெருக்களில் வழிப்போக்கர் தங்க மடம், தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கி வைக்கச் சுமைதாங்கி, நீருக்குக் கேணி, கால்நடைகள் உடலை உரசிக்கொள்ள ஆவுரோஞ்சிக்கல் ஆகிய நான்கும் அருகருகே அமைக்கப்பட்டிருந்ததை இன்றும் சில இடங்களில் காணலாம். சிங்களப் பகுதிகளில் இதே பணியை அம்பலம் எனப்படும் திறந்த மண்டபங்கள் செய்தன. சுமைதாங்கியின் உயரம், சுமந்து வருபவர் குனியாமல் சுமையை நகர்த்தி வைக்கும் அளவில் இருக்கும். நடப்பவரை அறிந்தவர்கள் அமைத்தவை இவை.

கதிர்காமப் பாதயாத்திரை

இலங்கையின் வடமுனையிலிருந்து தென்கிழக்குவரை நாட்டின் நீளத்தை ஏறத்தாழ முழுமையாகக் கடக்கும் வழி இதுவே. வடமராட்சியில் தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் தொடங்கி, முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், சித்தாண்டி, மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில், பாணமை, உகந்தை வழியாகக் கதிர்காமத்தை அடைகிறது. தொலைவு ஐந்நூறு கி.மீ.க்கும் அதிகம். முழுவழியும் நடப்போருக்கு ஏறத்தாழ ஒன்றரை மாதம் ஆகிறது. வைகாசியில் புறப்பட்டு, கதிர்காமத்தின் ஆடித் திருவிழாக் கொடியேற்றத்திற்குள் சென்றடைவது வழக்கம். வேல் ஏந்திய மூத்த அடியார் ஒருவர் முன்செல்ல மற்றவர்கள் பின்தொடர்வர்.

இவ்வழியில் தங்குமிடங்களைக் கோயில்களே தீர்மானிக்கின்றன. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன், வெருகல் சித்திரவேலாயுதர், மட்டக்களப்பு மாமாங்கேசுவரர், திருக்கோவில் சித்திரவேலாயுதர், உகந்தை முருகன் என வரிசையாக அமைந்த கோயில்களில் அடியார்கள் உண்டு உறங்கிச் செல்கின்றனர். வழியிலுள்ள ஊர்மக்கள் உணவளிப்பதைத் தங்கள் கடமையாகக் கருதுகின்றனர். ஆகவே இப்பாதைக்குத் தனியாக ஒரு நிர்வாகம் இல்லாமலேயே நீண்டகாலம் நடைபெற்று வந்துள்ளது.

உகந்தைக்குத் தெற்கே நிலைமை மாறுகிறது. அங்கிருந்து குமண, யால தேசியப் பூங்காக்களின் காட்டு வழி தொடங்குகிறது. ஊர்கள் இல்லை, யானை, கரடி, சிறுத்தை உண்டு. இப்பகுதியைக் கடக்க ஏறத்தாழ நான்கைந்து நாட்கள் ஆகின்றன. குமுக்கன் ஆறு, நாவலடி, வியாளை, கட்டகாமம் ஆகியவை வழக்கமான தங்கலிடங்கள். ஆண்டின் பிற நாட்களில் இவ்வழியே நடந்து செல்ல அனுமதியில்லை. திருவிழாவையொட்டி ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு மட்டும் காட்டுப்பாதை திறக்கப்படுகிறது. பாதை எந்த நாளில் திறக்கப்படும் என்பது யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படுவோரின் மொத்த நாட்கணக்கையும் கட்டுப்படுத்துகிறது. முன்னதாக வந்து சேர்ந்தவர்கள் உகந்தையிலேயே காத்திருக்க வேண்டியுள்ளது. அக்காலம் வறண்ட பருவம் என்பதால் ஆறுகளை இறங்கிக் கடக்கலாம் என்பது நன்மை. குடிநீர் கிடைப்பது அரிது என்பது அதே காரணத்தால் வரும் இடர். அண்மைக் காலங்களில் காட்டினுள் சில இடங்களில் தாங்கி ஊர்திகள் மூலம் குடிநீர் வழங்கப்படுகிறது.

1983க்குப் பின் உள்நாட்டுப் போரினால் இந்நடை தடைப்பட்டது. 1988இல் அமெரிக்காவில் பிறந்த முருக அடியாரான பேட்ரிக் ஹாரிகன் உள்ளிட்டோரின் முயற்சியால் மீண்டும் தொடங்கியது. போர்க்காலத்தின் பெரும்பகுதியில் கிழக்கு மாகாணத்திலிருந்தே நடக்க முடிந்தது. 2009இல் போர் முடிந்த பின்னரே செல்வச்சந்நிதியிலிருந்து முழுவழியும் நடப்பது இயல்வதாயிற்று. இந்துக்களே பெரும்பான்மையினர் எனினும், சிங்கள பௌத்தர்களும் வேறு சமயத்தவரும் காட்டுவழியில் உடன் நடப்பதுண்டு.

வடபாதை

தமிழகத்திலிருந்து இலங்கை மலைநாட்டிற்கு முதலில் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் சென்ற தொழிலாளர் நடந்த பாதை ஆங்கில ஆவணங்களில் வடபாதை எனப்படுகிறது. மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, சேலம் முதலிய பகுதிகளின் சிற்றூர்களிலிருந்து புறப்பட்டவர்கள் முதலில் கடற்கரைவரை நடந்தனர். பின் பாக்கு நீரிணையைப் படகில் கடந்து மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா வழியாக மாத்தளையை அடைந்து, தோட்டங்களுக்குப் பிரிந்து சென்றனர். தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை சுமார் 250 கி.மீ.; கண்டி, நுவரெலியா, ஊவாப் பகுதிகளுக்குச் சென்றவர்களுக்கு அதன்பின் மலைநடையும் இருந்தது.

மாத்தளைவரையான நிலம் ஏறத்தாழச் சமதரை. நாளொன்றுக்கு ஒரு காதம் எனக் கொண்டால் பதினாறு நாட்களில் முடியக்கூடிய நடை. கதிர்காம நடையைவிடத் தொலைவில் பாதிகூட இல்லை. ஆயினும் இதுவே தீவின் மிகக் கொடிய பாதையாக நினைவுகூரப்படுகிறது. அதன் காரணங்களைத் தொலைவில் தேடுவதைவிட ஏற்பாடுகளில் தேடுவதே பொருத்தம்.

முதலாவது, பருவம். கோப்பிப் பழம் பறிக்கும் காலம் ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை. அதற்குள் தோட்டம் சேர வேண்டியவர்கள் தீவின் வடக்குச் சமவெளி மிகவும் வறண்டிருக்கும் மாதங்களில் நடந்தனர். மன்னாருக்கும் மிகிந்தலைக்கும் இடையே பழங்காலக் குளங்கள் பல தூர்ந்து கிடந்தன. எஞ்சிய குட்டைகளே குடிக்கவும் குளிக்கவும் பயன்பட்டன. வாந்திபேதி பரவுவதற்கு வேறொன்றும் தேவையில்லை. காட்டுப்பகுதியில் மலேரியாவும் இருந்தது.

இரண்டாவது, தங்கல். கோயிலோ மடமோ வரிசையாக அமையாத வழி அது. வழியோர ஊர்களுக்கும் நடப்பவர்களுக்கும் மொழியாலோ உறவாலோ தொடர்பில்லை. நோய் கொண்டுவருபவர்கள் என்ற அச்சமும் இருந்தது. நோயுற்று விழுந்தவரை விட்டுவிட்டு மற்றவர் முன்செல்ல நேர்ந்தது.

மூன்றாவது, பொறுப்பு. கூட்டத்தை அழைத்து வந்தவர் கங்காணி. வழிச்செலவு அவர் கொடுத்த முன்பணத்திலிருந்து நடந்தது. அது தொழிலாளியின் கடனாக எழுதப்பட்டது. தோட்டத்தை அடைந்த பின்னரே தோட்டத்துரையின் பொறுப்பு தொடங்கியது. இடைப்பட்ட காட்டுவழிக்கு எவரும் பொறுப்பில்லை. கதிர்காம வழியிலும் நிர்வாகம் இல்லை என்பது உண்மையே. ஆனால் அங்கே அந்த இடத்தை நிரப்ப ஊர்கள் இருந்தன.

எத்தனை பேர் இறந்தனர் என்பதில் வரலாற்றாய்வாளரிடையே உடன்பாடு இல்லை. 1841 முதல் 1849 வரையான காலத்தில் எழுபதாயிரம் பேர்வரை இறந்திருக்கலாம் என அக்காலக் கொழும்பு ஆங்கில இதழான 'அப்சர்வர்' மதிப்பிட்டது. வந்தவர் தொகைக்கும் திரும்பியவர் தொகைக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு செய்யப்பட்ட இத்தகைய கணிப்புகள் மிகையானவை எனக் கருதுவோரும் உண்டு. பதிவேடு இல்லாத பாதையில் இறந்தவர்களை எண்ணுவதற்கு வேறு வழி இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே இதனைப் படிக்க வேண்டும்.

தோட்டங்களுக்கு ஆள் வருவது குறையக்கூடும் என்ற கவலை எழுந்த பின்னரே அரசு தலையிட்டது. 1858இல் குடிவரவுத் தொழிலாளர் தொடர்பான சட்டம் இயற்றப்பட்டு ஆணைக்குழு ஒன்றும் அமைக்கப்பட்டது. அதன்பின் வழியில் கொட்டகைகள், கிணறுகள், மருத்துவமனைகள் படிப்படியாக ஏற்படுத்தப்பட்டன. அதாவது ஒரு நடைவழிக்கு முதலில் செய்ய வேண்டியவை, மக்கள் நடக்கத் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்குப் பின் செய்யப்பட்டன. நடை முடிவடையும் மாத்தளையில் தொழிலாளர்களின் வழிபாட்டிடமாகத் தோன்றிய முத்துமாரியம்மன் கோயில் இன்று அந்நகரின் பெருங்கோயிலாக விளங்குகிறது. அம்மை, வாந்திபேதி முதலிய நோய்களிலிருந்து காப்பவளாக மாரியம்மன் வணங்கப்படுவதை இங்கு நினைவிற் கொள்ளலாம்.

தொடர்வண்டி வந்ததும் நடைத்தொலைவு குறைந்தது. கொழும்பு – கண்டிப் பாதை 1867இலும், மாத்தளைக் கிளை 1880இலும் திறக்கப்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நோய்த்தடுப்பைக் காரணங்காட்டித் தொழிலாளர் வருகை தூத்துக்குடி – கொழும்புக் கடல்வழிக்குத் திருப்பப்பட்டது. 1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார் தொடர்வண்டிப் பாதையும் திறக்கப்பட்ட பின் நடந்து செல்லும் தேவையே இல்லாமற்போனது. மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய தடுப்பு முகாமில் மருத்துவச் சோதனை முடித்து, கப்பலிலும் தொடர்வண்டியிலும் சென்றனர்.

இப்பாதையின் எதிர்த்திசைப் பயணம் பின்னர் நிகழ்ந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களான மலையகத் தமிழருள் பெருந்தொகையினர், 1964ஆம் ஆண்டு சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தப்படி தலைமன்னார் வழியாகவே தமிழகத்திற்கு அனுப்பப்பட்டனர். 1983க்குப் பின் ஏதிலிகளாக வந்தவர்களுக்கும் மண்டபமே முதல் முகாமாயிற்று. அங்கிருந்து அவர்கள் பல மாவட்டங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டனர். திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டையை அடுத்துள்ள பெரிய முகாம் அவற்றுள் ஒன்று.

2023ஆம் ஆண்டு நடை

மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைவுற்றதை முன்னிட்டு, 'மாண்புமிகு மலையக மக்கள்' என்ற கூட்டமைப்பு தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடைபயணம் ஒன்றை நடத்தியது. 2023 ஜூலை 28 அன்று தொடங்கி ஆகஸ்ட் 12 அன்று மாத்தளையில் நிறைவுற்றது. நிலவுரிமை, வீட்டுரிமை, நியாயமான ஊதியம் முதலிய கோரிக்கைகள் முன்வைக்கப்பட்டன. பழைய வழித்தடத்தில் பெரும்பகுதி இன்று நெடுஞ்சாலை. எனவே முன்னோர் நடந்த காட்டுத்தடத்தில் அன்றி, தார்ச்சாலையின் ஓரத்திலேயே நடக்க வேண்டியிருந்தது. வடபாதை முழுவதும் குறியிட்டுப் பேணப்படும் நடைவழியாக அறிவிக்கப்படவில்லை. அவ்வாறு அறிவித்துக் கிணறுகளும் கொட்டகைகளும் இருந்த இடங்களை அடையாளப்படுத்தினால், அது வரலாற்றுப் பாதையாகத் திகழ வாய்ப்புள்ளது.

பீக்கோ தடம்

மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களினூடே செல்லும் 300 கி.மீ.க்கும் அதிகமான நடைவழி பீக்கோ தடம் ஆகும். பீக்கோ என்பது தேயிலைத் தர வகையின் பெயர். இளங்கொழுந்தின் வெண்மயிரைக் குறிக்கும் சீனச் சொல்லிலிருந்து வந்தது. இலங்கையில் நீண்டகாலம் சுற்றுலாத் துறையில் பணியாற்றிய மிகுவேல் குனாட் என்னும் எசுப்பானியர் இதன் கருத்தை உருவாக்கினார். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவின் யூ.எஸ்.எயிட் நிறுவனமும் வளர்ச்சிப் பணிக்கு நிதியுதவி அளித்தன.

கண்டியை அடுத்த அந்தானையில் தொடங்கி, குதிரை இலாட வடிவில் தெற்கே இறங்கிக் கிழக்கே வளைந்து வடக்கே ஏறி, நுவரெலியாவில் முடிகிறது. கலகா, லூல்கந்துரை, தவலந்தென்னை, பூண்டுலோயா, வட்டகொடை, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை, டயகம, ஓர்ட்டன் சமவெளி, அப்புத்தளை, எல்ல, தெமோதரை, ஆலிஎல, எட்டம்பிட்டி, உடப்புசல்லாவை, கந்தப்பளை ஆகியவை வழியிலும் அருகிலும் உள்ள இடங்கள். முழுவழியும் 22 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. சராசரியாக ஒரு கட்டம் 14 கி.மீ. அளவில் வருகிறது, பழைய காதத்திற்குச் சற்றே குறைவு. ஒவ்வொரு கட்டமும் சாலையோ தொடர்வண்டி நிலையமோ எட்டக்கூடிய இடத்தில் முடியுமாறு அமைந்திருப்பதால், முழுவதையும் ஒரே முறையில் நடக்க இயலாதவர்கள் பகுதி பகுதியாக நடக்கலாம்.

இத்தடத்திற்காகப் புதிதாக வெட்டப்பட்ட பாதை குறைவு. தோட்டங்களில் கொழுந்து மூட்டைகளை ஆலைக்குக் கொண்டுசெல்லவும், ஒரு மலைப்பிரிவிலிருந்து இன்னொன்றுக்கு வேலைக்குச் செல்லவும், பிள்ளைகள் பள்ளிக்கு நடக்கவும் நூறாண்டுகளுக்கு மேலாகப் பயன்பட்ட வண்டிப்பாதைகளும் ஒற்றையடித் தடங்களும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. தவலந்தென்னை என்ற ஊர்ப்பெயரில் உள்ள 'தவலம' என்பது பொதிமாட்டுக் கூட்டத்தைக் குறிக்கும் சிங்களச் சொல். தேயிலைக்கு முந்தைய வணிகவழிகளையும் இத்தடம் தொட்டுச் செல்கிறது எனலாம். இரண்டாம், மூன்றாம் கட்டங்களில் வரும் லூல்கந்துரைத் தோட்டம் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்னும் இசுக்காட்லாந்தியர் 19 ஏக்கரில் வணிகமுறைத் தேயிலைப் பயிர்ச்செய்கையைத் தொடங்கிய இடம். 1869இல் தென்பட்ட இலைத்துரு நோயால் கோப்பி அழிந்த பின்னரே தேயிலை மலைநாடெங்கும் பரவியது. வழிகாட்டி நூல்களில் டெய்லரின் பெயர் தவறாமல் இடம்பெறுகிறது. அப்பாதைகளை வெட்டி, கல் பதித்து, வடிகால் அமைத்த தொழிலாளர்களின் பெயர்கள் எந்தப் பலகையிலும் இருக்க வாய்ப்பில்லை; அவை எழுதி வைக்கப்படவில்லை.

பருவத் தேர்வு

இலாட வடிவம் காரணமாக இத்தடத்திற்கு ஒரு சிக்கல் உண்டு. அட்டன், பொகவந்தலாவை உள்ளிட்ட மேற்குச் சரிவு மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையைப் பெறுகிறது. ஊவாப் பகுதியான கிழக்குச் சரிவு அக்டோபர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழையைப் பெறுகிறது. முழுவழியும் ஒரே மூச்சில் நடப்பவருக்குப் பிப்ரவரி, மார்ச் மாதங்களே இரு பக்கமும் ஓரளவு வறண்ட இடைவெளி.

இடர்கள்

மழைக்காலத்தில் அட்டைக்கடி தவிர்க்க முடியாதது, ஆனால் ஆபத்தில்லை. குளவிக்கொட்டு அவ்வாறன்று. தோட்டத் தொழிலாளர்கள் கொழுந்து பறிக்கும்போது குளவிக் கூட்டத்தால் தாக்கப்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்படுவதும், சிலவேளை இறப்பதும் மலையகச் செய்திகளில் அடிக்கடி காணப்படுவன. கூடு உள்ள மரங்களை அவ்விடத்துத் தொழிலாளர்கள் அறிந்திருப்பர். அவர்களைக் கேட்டு நடப்பதே நல்லது. தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தை ஒட்டிய பகுதியில் தண்டவாளத்தில் நடப்போர், அது இன்றும் வண்டிகள் ஓடும் பாதை என்பதை மறக்கலாகாது.

எல்லாவற்றிலும் பெரிது மண்சரிவு. 2014 அக்டோபர் 29 அன்று கொசுலந்தைக்கு அருகே மீரியாபெத்தைத் தோட்டத்தில் லயன் வரிசைகள் மண்ணுக்குள் புதைந்து பலர் இறந்தனர். அவ்விடம் ஆபத்தானது என முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. நடைபயணி மழை மிகுந்தால் கட்டத்தைத் தவிர்த்து வண்டி ஏறிவிடலாம். சரிவில் குடியிருப்பவருக்கு அந்தத் தெரிவு இல்லை. தடத்தின் நிலை பற்றிய அறிவிப்பு இரு தரப்பினருக்கும் பயன்படுமாறு அமைவது விரும்பத்தக்கது.

நிலமும் இசைவும்

தடம் செல்லும் நிலத்தில் பெரும்பகுதி அரசுக்கு உரியது. 1970களில் நாட்டுடைமையாக்கப்பட்ட தோட்டங்களின் மேலாண்மை 1992 முதல் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் உள்ளது. தேசியப் பூங்காவான ஓர்ட்டன் சமவெளிக்கு வனசீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டு தேவை. எனவே பாதை தொடர்ச்சியாக இருக்கப் பல தரப்பினரின் இசைவு வேண்டும். ஒரு தோட்டம் வாயிலை மூடினால் அக்கட்டம் முழுவதும் தடைப்படும்.

இசைவு கேட்கப்படும் தரப்பினரில் தோட்டக் குடியிருப்பாளர் இடம்பெறுவது அரிது. அவர்கள் தலைமுறைகளாக வாழும் லயன் அறைகளுக்கோ சூழவுள்ள நிலத்திற்கோ பெரும்பாலோருக்கு உறுதிப்பத்திரம் இல்லை. தனி அஞ்சல் முகவரிகூட இல்லாமல், கடிதங்கள் தோட்ட அலுவலகம் வழியாகவே வந்து சேரும் நிலை பல தோட்டங்களில் இருந்து வந்துள்ளது. நிலவுரிமை இல்லாதவர் விருந்தினர் அறை கட்டவோ, அதற்குக் கடன் பெறவோ இயலாது. தேநீர்க்கடை, வழிகாட்டிப் பணி, சமைத்த உணவு ஆகிய சிறு வருவாய்களே அவர்களுக்கு எளிதில் எட்டுவன. நடைவழியின் பயன் யாரைச் சேரும் என்பது இவ்விடத்தில் முடிவாகிறது. பயணிகள் லயன் வாசல்களை அனுமதியின்றிப் படம்பிடிப்பதும் கவனிக்க வேண்டிய ஒன்று. அவை காட்சிப்பொருள்கள் அல்ல, வீடுகள்.

பிற நாடுகளுடன் ஒப்பீடு

அமெரிக்காவின் அப்பலாச்சியன் தடம் 1921இல் பென்டன் மக்கே எழுதிய கட்டுரையில் தோன்றி, 1937இல் முழுமையடைந்தது. சுமார் 3,500 கி.மீ. நீளமுள்ள அதனை இன்றும் பெரும்பாலும் தன்னார்வலர்களே பேணுகின்றனர். மரங்களிலும் பாறைகளிலும் தீட்டப்படும் வெள்ளைப் பட்டைகளே அதன் வழிக்குறி. செலவு குறைந்த இம்முறை எந்நாட்டிற்கும் ஏற்றது.

இங்கிலாந்தின் பென்னைன் வழி வேறொரு பாடத்தைத் தருகிறது. 1935இல் இதழாளர் டாம் ஸ்டீபன்சன் முன்மொழிந்த இவ்வழி, 1965 ஏப்ரல் 24 அன்றுதான் திறக்கப்பட்டது. சுமார் 430 கி.மீ. பாதைக்கு முப்பது ஆண்டுகள் ஆனதற்குக் காரணம் மலையோ மழையோ அன்று. வேட்டைக்காகவும் நீர்த்தேக்கங்களுக்காகவும் மூடி வைக்கப்பட்டிருந்த நிலங்களில் நடக்கும் உரிமையைப் பெறவே அக்காலம் சென்றது. அங்கே பெறப்பட்டது சட்டப்படியான வழியுரிமை. நிலம் கைமாறினாலும் அது நீடிக்கும். நியூசிலாந்தின் நீளத்தை அளக்கும் டே அரரோவா 2011இல் திறக்கப்பட்டபோது, உரிமை கிடைக்காத இடங்களில் வாகனச் சாலையோரமே பாதையாக ஏற்கப்பட்டது. பூட்டானில் பழைய அஞ்சல் வழியை மீட்டு 403 கி.மீ. தடம் 2022இல் மீண்டும் திறக்கப்பட்டது.

சாலையோர நடையின் இடரைத் தமிழகத்திலும் காணலாம். புரட்டாசியில் சென்னையிலிருந்து திருவள்ளூர் மாவட்டம் வழியாகத் திருப்பதிக்கு நடப்போரும், தைப்பூசத்திற்குப் பழனிக்கு நடப்போரும் பெரும்பகுதி நெடுஞ்சாலைகளிலேயே செல்கின்றனர். வழியெங்கும் தண்ணீர்ப்பந்தலும் அன்னதானமும் குறைவின்றி உள்ளன. சரக்குந்துகளிலிருந்து விலகி நடக்கத் தனிப்பாதைதான் பெரும்பாலான இடங்களில் இல்லை. இரவில் நடப்போர் முதுகில் ஒளி எதிரொளிக்கும் பட்டைகளை ஒட்டிக்கொள்ளும் வழக்கம் அண்மைக் காலத்தில் பரவியுள்ளது.